பெட்டி உங்களுடையது... பாஸ்வேர்டு யாருடையது?

ஒரு நர்சிங் ஹோமில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைக் கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடிக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 204 என்ற எக்ஸ்டென்ஷன் இனி மேலே ஒலிக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் வெளியிலிருந்து வரும் அழைப்புகள் ரிசப்ஷனுக்குப் போகாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தெரிந்தவருக்கு இரண்டுமே சில நிமிட வேலை. ஆனால், சுவரில் மாட்டியிருக்கும் இபிஏபிஎக்ஸ் என்ற உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்குள் நுழைய பாஸ்வேர்டு வேண்டும். அது, பெட்டியை மாட்டிக்கொடுத்த டீலரிடம் இருக்கிறது. போன் போட்டால், "பையன் வெளியூர் சைட்ல இருக்கான் சார், வியாழக்கிழமை அனுப்புறேன்" என்கிறார். விசிட் சார்ஜ் தனி. அதுவரை இரவில் வரும் அவசர அழைப்புகள் ஆளில்லாத ரிசப்ஷனில் அடித்து ஓயும்.

லாட்ஜ், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, அபார்ட்மென்ட் என்று இன்டர்காம் இருக்கும் எந்த இடத்திலும் இது நடக்கக்கூடியதுதான். பெட்டிக்கு முழுப் பணமும் கொடுத்திருப்பார்கள். பில்லில் கேபிள் இருக்கும், வயர்களை இணைக்கும் டேக் பிளாக் இருக்கும், பேட்டரி இருக்கும். பெட்டியை ஆளுகிற அந்த நான்கு இலக்கம் மட்டும் எந்த வரியிலும் இருக்காது. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. கேட்டவர்களுக்கும், "அது உங்களுக்கு எதுக்கு சார், எதையாவது மாத்திட்டா மொத்த லைனும் நின்னுடும்" என்ற பதில்தான் கிடைக்கிறது.

புரோகிராமிங் பாஸ்வேர்டை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டுமா, கூடாதா? போன் சிஸ்டம் போட்டுக்கொடுக்கும் தொழிலில் இது ஓயாத சண்டை. கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் முடிவு. ஆனால், கொடுக்க மறுப்பவர்களின் தரப்பைக் காது கொடுத்துக் கேட்காமல் அந்த முடிவுக்கு வந்தால், அது பாதி நியாயமாகத்தான் இருக்கும்.

டீலர் ஏன் தயங்குகிறார்?

முதல் காரணம், நிஜமான தொழில் அனுபவத்திலிருந்து வருவது. புரோகிராமிங் என்பது எக்ஸ்டென்ஷன் பெயரை மாற்றுவது மட்டுமல்ல. எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து எஸ்டிடி, ஐஎஸ்டி போகலாம், வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வரிசையில் எங்கெங்கே அடிக்க வேண்டும், வெளி இணைப்பான டிரங்க் லைன்களில் எதை யார் எடுக்கலாம், வரவேற்புக் குரல் முடிந்ததும் என்ன நடக்க வேண்டும் என்று ஒன்றோடொன்று பின்னிய நூற்றுக்கணக்கான அமைப்புகள் அதில் இருக்கின்றன. அலுவலகத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்த பையன்' ஒருவர் ஆர்வத்தில் ஒன்றைத் தொட, டிரங்க் கார்டு முழுவதும் செயலிழந்து போகலாம். அப்புறம் வாடிக்கையாளர் என்ன சொல்வார்? "நாங்க எதையும் தொடலை, உங்க மெஷின்தான் ரிப்பேர்" என்பார். வாரன்டி காலத்தில் அந்த விசிட்டுக்குக் காசு கேட்க முடியாது. திருச்சியிலிருந்து பெரம்பலூர் வரை பைக்கில் போய்வந்த செலவு டெக்னீஷியன் தலையில் விழும். இது கற்பனைப் பயம் அல்ல.

இரண்டாவது, போட்டி. சின்ன டீலருக்குப் பெட்டி விற்பதில் கிடைக்கும் லாபம் சொற்பம். அவரை வாழவைப்பது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏஎம்சி. வீடு வீடாகத் துளை போட்டு, கேபிள் இழுத்து, நூறு ஜோடி வயருக்கு நம்பர் எழுதி அவர் செய்துவைத்த வேலையின் மேல், பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு இன்னொருவர் குறைந்த விலைக்கு ஏஎம்சி எடுத்துவிட்டால் வயிறு எரியத்தானே செய்யும்?

மூன்றாவது, பாக்கி. வேலை முடிந்து ஆறு மாதம் ஆகியும் கடைசித் தவணை வராத கதை இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் புதிதல்ல. நீதிமன்றத்துக்குப் போகிற அளவுக்குப் பெரிய தொகையும் இருக்காது. கையில் இருக்கும் ஒரே பிடி பாஸ்வேர்டுதான்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். தான் பெட்டி மாட்டிய எல்லா இடங்களிலும் ஒரே பாஸ்வேர்டை வைத்திருக்கும் டெக்னீஷியன்கள் உண்டு. நினைவில் வைத்துக்கொள்ள வசதி. கடையில் இருக்கும் எந்தப் பையனை அனுப்பினாலும் வேலை நடக்கும். ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்னால், மற்ற அத்தனை பேருடைய பெட்டிக்கும் வழி திறந்துவிட்டதாக ஆகிவிடும். ஆகவே, யாருக்கும் சொல்வதில்லை. மற்ற மூன்று காரணங்களுக்கும் நான் தலையசைப்பேன். இதற்கு மாட்டேன். கடையை விட்டு மனக்கசப்போடு விலகிப் போன ஒரு பையனின் நினைவில், ஊரில் உள்ள ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நகைக்கடை எல்லாவற்றின் போன் சிஸ்டத்துக்கும் பொதுவான பாஸ்வேர்டு இருக்கிறது என்பதை அந்த இடங்களின் உரிமையாளர்கள் அறிந்தால் தூங்குவார்களா?

போன் யாருடையது?

இந்தச் சண்டையே ஒரு காலத்தில் எழ வாய்ப்பில்லாமல் இருந்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் சந்தாதாரர் வீட்டுத் தொலைபேசிகூட பெல் நிறுவனத்தின் சொத்து. வெளியார் தயாரித்த எதையும் அதில் இணைக்கக் கூடாது. டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர், ரேடியோவில் பேசுபவரைத் தொலைபேசி வலையத்தோடு இணைக்கும் 'கார்ட்டர்ஃபோன்' என்ற கருவியை விற்றார். அது தொடர்பான வழக்கில், 1968-ல் அமெரிக்க மத்திய தகவல்தொடர்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வலையத்துக்குக் கேடு செய்யாதவரை, வாடிக்கையாளர் தன் சொந்தக் கருவியை இணைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அலுவலகங்களுக்கான பிபிஎக்ஸ் எனும் உள் எக்ஸ்சேஞ்ச் கருவிகள் சந்தையில் பெருகியதற்கு அந்தத் தீர்ப்பு வழிவிட்டது.

நம் ஊரிலும் தொலைபேசித் துறை கொடுத்த கருவி, அந்தத் துறையின் லைன்மேன் என்பதுதான் வழக்கமாக இருந்தது. 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் 128 போர்ட் கொண்ட பிபிஎக்ஸும் ஒன்று. அந்தத் தொழில்நுட்பம் உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு வழங்கப்பட்டது. பிறகு வதோதராவின் மேட்ரிக்ஸ், ஜப்பானின் பானசோனிக், என்இசி என்று பெட்டிகள் ஊருக்கு ஊர் வந்து சேர்ந்தன. எக்ஸ்சேஞ்சை நாமே விலைக்கு வாங்கி நம் சுவரிலேயே மாட்டிக்கொள்ளும் காலம் வந்தது. உரிமை கைமாறியது. அதை ஆளும் அதிகாரம் மட்டும் பாதி வழியில், டீலரின் டைரியில் நின்றுவிட்டது.

பத்தாண்டு நீதிமன்றப் போர்

இதே கேள்வி அமெரிக்காவில் எவ்வளவு பெரிய வழக்காக வெடித்தது என்பதைப் பார்த்தால், இது சில்லறைச் சமாச்சாரம் இல்லை என்பது புரியும். தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யிலிருந்து லூசென்ட் பிரிந்தது. லூசென்டிலிருந்து 2000-ல் அவாயா பிரிந்தது. பெரிய நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் அவாயாவின் பிபிஎக்ஸ்களை வாங்கின. அந்த இயந்திரத்தின் உள்ளேயே, பழுது கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் உதவும் பராமரிப்புக் கட்டளைகள் இருந்தன. ஆனால், அவற்றைப் பயன்படுத்த அவாயாவின் அனுமதியும் அதற்குரிய லாகினும் வேண்டும்.

டெலிகாம் லேப்ஸ் என்ற நிறுவனமும் அதனோடு இணைந்த கன்டினுவன்ட்டும், அவாயாவைவிடக் குறைந்த கட்டணத்தில் அதே பிபிஎக்ஸ்களைப் பராமரித்துத் தந்தன. வாடிக்கையாளரின் இயந்திரத்தில், வாடிக்கையாளரின் சம்மதத்தோடு லாகின் செய்துதான் வேலை பார்த்தார்கள். எங்கள் அனுமதியில்லாமல் லாகின்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று 2006-ல் அவாயா வழக்குப் போட்டது. பராமரிப்புச் சந்தையில் போட்டியையே ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று டெலிகாம் லேப்ஸ் எதிர்வழக்கு தொடுத்தது. நியூ ஜெர்சியில் நடந்த நீண்ட விசாரணைக்குப் பிறகு, 2014-ல் ஜூரி டெலிகாம் லேப்ஸ் பக்கம் நின்றது. 2 கோடி டாலர் இழப்பீடு. போட்டிச் சட்டப்படி அது மூன்று மடங்காகி 6 கோடி டாலர் ஆனது.

கதை அங்கே முடியவில்லை. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவாயாவின் கோரிக்கைகளை விசாரணையின் நடுவிலேயே கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது தவறு, அது ஜூரியின் முடிவையும் பாதித்துவிட்டது என்றது.

இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, யார் ஜெயித்தார்கள் என்பதை அல்ல. இதற்குப் பின்னால் 1992-ல் கோடக் நிறுவனம் தொடர்பாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இருக்கிறது. கோடக்கின் நகல் இயந்திரங்களை வெளியார் பழுதுபார்க்க முடியாதபடி உதிரிபாகங்களை அந்த நிறுவனம் தடுத்ததாக எழுந்த வழக்கு அது. அதில் எழுந்த கேள்விதான் எனக்கு முக்கியம்: வாங்கும்போதே, 'இந்த இயந்திரத்தை வேறு யாரும் பழுதுபார்க்க முடியாது' என்று வாங்குபவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்து வாங்கியிருந்தால், விலையோடு அதையும் அவர் எடைபோட்டிருப்பார். வாங்கி மாட்டிய பிறகு விதி மாறினாலோ, மறைத்து வைத்திருந்த விதி வெளியே வந்தாலோ, அவருக்குத் தப்பிக்க வழியில்லை. நம் நர்சிங் ஹோம்காரருக்கும் நடந்தது இதுதான். பாஸ்வேர்டு தர மாட்டோம் என்று கொட்டேஷனிலேயே எழுதியிருந்தால், அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

சிறைக்குள் போன பாஸ்வேர்டு

வாடிக்கையாளருக்குத் திறமை இல்லை, ஆகவே கொடுக்க மாட்டேன் என்ற வாதத்தைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர் ஒருவர் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோ நகராட்சியின் நெட்வொர்க் இன்ஜினீயர் டெர்ரி சைல்ட்ஸ். நகரத்தின் ஃபைபர்வான் வலையத்தின் பாஸ்வேர்டுகள் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். 2008 ஜூலையில் மேலதிகாரிகள் கேட்டபோது மறுத்தார். இவர்கள் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். கைது செய்தார்கள். 50 லட்சம் டாலர் பெயில் நிர்ணயித்தார்கள். கடைசியில், சிறைக்கே வந்து சந்தித்த மேயர் கேவின் நியூசமிடம் மட்டும் பாஸ்வேர்டுகளைக் கொடுத்தார். 2010-ல் அவருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை.

அத்தனை நாளும் அந்த வலையம் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் வேலையை உயிராக நேசித்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்டனை கடுமையானது என்றும் நினைக்கிறேன். ஆனாலும், ஒரு நகரத்தின் தகவல் வலையம் ஒரே ஒரு மனிதரின் நினைவாற்றலில் தொங்கியதுதான் அங்கே இருந்த ஆபத்து. அவருக்கு விபத்து நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் ஊர் டீலர்களில் பலர் ஒற்றை ஆள் கடைக்காரர்கள். அவர்கள் விஷயத்திலும் இதே கேள்வி அப்படியே பொருந்தும்.

பில் யார் பெயரில் வரும்?

ரகசியமாக வைத்தால் பாதுகாப்பு என்பார்கள். இந்த வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தவை வேறு விதம்.

2009 ஜூனில் அமெரிக்க நீதித்துறை ஒரு மோசடிக் கும்பல் மீது குற்றச்சாட்டு பதிவு செய்தது. பிலிப்பைன்ஸில் இருந்தபடி, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பிபிஎக்ஸ்களுக்குள் நுழைந்து, அவற்றின் வழியாக வெளிநாட்டு அழைப்புகளைக் கடத்தியதாகப் புகார். 1.2 கோடி நிமிடங்களுக்கு மேல். மதிப்பு 5.5 கோடி டாலருக்கும் மேல். அந்த வழிகளை இத்தாலியில் இருந்த கால் சென்டர்காரர்களுக்கு விற்றார்கள். உள்ளே நுழைய அவர்கள் மாயம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த எக்ஸ்டென்ஷன்களைத் தேடினார்கள், கிடைத்தன.

நம் ஊரில் புழங்கும் பல பெட்டிகளின் தொழிற்சாலை பாஸ்வேர்டு 1234. கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. வெளியிலிருந்து அழைத்து, பெட்டி வழியாக இன்னொரு லைனை எடுத்துப் பேச உதவும் டிசா வசதியும் பலவற்றில் உண்டு. முதலாளி வெளியூரிலிருந்து அலுவலக லைனில் பேச என்று வைத்த வசதி. அதைத் திறந்து விட்டு, பாஸ்வேர்டையும் மாற்றாமல் போனால், ஒரு சனி, ஞாயிறில் லட்சக்கணக்கில் ஐஎஸ்டி பில் ஏறிவிடும். அந்த பில் டீலர் பெயரில் வராது. லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் வரும். நஷ்டத்தைச் சுமக்கப் போகிறவருக்கு, 'என் பெட்டியின் பாஸ்வேர்டு இன்னும் 1234-தானா?' என்று பார்க்கும் வழியே இல்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? பாஸ்வேர்டைத் தராமல் மறைக்கும் டீலர், தான் அதை மாற்றவே இல்லை என்பதையும் சேர்த்து மறைக்க முடியும்.

கலிஃபோர்னியா மாநிலம் 2020 ஜனவரி முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் முதலும், எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டு வைத்து விற்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கின்றன. இணையத்தோடு இணையும் கருவிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை அவை. சுவரில் பதினைந்து வருடமாகத் தொங்கும் பழைய இபிஏபிஎக்ஸை எந்தச் சட்டமும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

கடை மூடினால்?

பிபிஎக்ஸ் தயாரித்த நார்டெல் நிறுவனம் 2009-ல் திவாலானது. டோஷிபா தன் அமெரிக்கத் தொலைபேசி சிஸ்டம் தொழிலை 2017-ல் மூடுவதாக அறிவித்தது. பானசோனிக்கும் பிபிஎக்ஸ் தொழிலிலிருந்து விலகிவிட்டது. பெரிய கம்பெனிகள் கதையே இது. ஊர் டீலர் சிசிடிவிக்கும் சோலாருக்கும் மாறிப்போவது, ஊரையே மாற்றிக்கொள்வது, காலமாகிவிடுவது எல்லாம் அன்றாடம் நடப்பவை.

பாஸ்வேர்டு தெரியாமல் போனால் என்ன வழி? பல மாடல்களில் போர்டில் ஒரு சுவிட்ச் அல்லது ஜம்பர் இருக்கும். அதை வைத்துப் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். அப்படிச் செய்தால் எக்ஸ்டென்ஷன் எண்கள், எஸ்டிடி தடை, இரவு சேவை என்று பத்து வருடமாகச் சேர்த்துவைத்த அத்தனையும் அழியும். அவற்றை எழுதிவைத்த தாளும் பழைய டீலரிடம்தான் இருந்திருக்கும். 80 அறை கொண்ட லாட்ஜில் ஒவ்வொரு அறையாகப் போய் எந்த வயர் எந்தப் போர்ட்டுக்கு வருகிறது என்று தேடத் தொடங்க வேண்டும். இதைத் தவிர்க்க பாஸ்வேர்டு மட்டும் போதாது. புரோகிராமின் பேக்கப் ஃபைல், எக்ஸ்டென்ஷன் அட்டவணை, டேக் பிளாக்கில் எந்த ஜோடி எங்கே போகிறது என்ற தாள் மூன்றும் வாடிக்கையாளரிடம் இருக்க வேண்டும். என் கணக்கில் பாஸ்வேர்டைவிட அந்தத் தாள் முக்கியம்.

நடுவழி உண்டு

தயாரிப்பாளர்களே இதை யோசித்திருக்கிறார்கள். பானசோனிக்கின் டிடிஏ வரிசைப் பெட்டிகளில் யூசர், அட்மினிஸ்ட்ரேட்டர், இன்ஸ்டாலர் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. மேட்ரிக்ஸ் எட்டர்னிட்டியில் சிஸ்டம் இன்ஜினீயருக்கு ஒன்று, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷன் பெயர் மாற்றுவது, இரவு சேவை போன்ற அன்றாட வேலைக்கான பாஸ்வேர்டை ரிசப்ஷனிஸ்டிடம்கூடத் தரலாம். மொத்தத்தையும் புரட்டிப்போடக்கூடிய இன்ஸ்டாலர் பாஸ்வேர்டை ஒட்டிய கவரில் போட்டு, கையெழுத்து வாங்கி, முதலாளியின் பீரோவில் வைக்கச் சொல்லலாம். கவர் பிரிந்திருந்தால் அதன் பிறகு வரும் புரோகிராமிங் கோளாறுக்கு வாரன்டி கிடையாது என்று எழுதிக்கொள்ளலாம். டீலரின் முதல் பயத்துக்கு இது போதுமான பதில்.

டீலர் கொடுக்கத் தேவையில்லாததும் ஒன்று உண்டு. தயாரிப்பாளரின் டீலர் தளத்தில் நுழைய அவருக்கென்று கொடுத்த லாகின் அவருடையது. அதைக் கேட்பது தவறு. வாடகைக்கு விட்ட சிஸ்டமும் அப்படித்தான். பெட்டி டீலருடையதாக இருக்கும்வரை பாஸ்வேர்டும் அவருடையது.

பாக்கி விஷயத்தில் நான் டீலர் பக்கம். கடைசித் தவணை வந்த அன்று பாஸ்வேர்டு கையளிக்கப்படும் என்று முன்கூட்டியே கொட்டேஷனில் போடட்டும். அது நேர்மையான வியாபாரம். அதைச் சொல்லாமல் வைத்திருந்து, பணமெல்லாம் தீர்ந்த பிறகும் ஏஎம்சி போட்டால்தான் தருவேன் என்பது வேறு. அதை நான் மிரட்டல் என்றே சொல்வேன். ஒரு வாடிக்கையாளர் மறுவருடமும் அதே டீலரைக் கூப்பிட வேண்டும் என்றால், கூப்பிட்ட நாளில் அவர் வர வேண்டும். பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டே அழைக்கும் வாடிக்கையாளர்தான் அந்த டீலரின் திறமைக்குக் காசு கொடுக்கிறவர்.

இந்தியாவில் சட்டம் இதில் பெரிதாக உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளில் அது கவனம் செலுத்தியது. வியாபார நோக்கில் வாங்கியவர்களை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பொதுவாக நுகர்வோராகவே ஏற்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ஒரு லாட்ஜ் உரிமையாளர் கடைசியில் நம்ப வேண்டியது தன் பர்ச்சேஸ் ஆர்டரைத்தான்.

அதில் இப்படி எழுதுங்கள்: 'சிஸ்டம் ஒப்படைக்கும் நாளில் எல்லா நிலைகளுக்குமான பாஸ்வேர்டுகள், புரோகிராம் பேக்கப், எக்ஸ்டென்ஷன் அட்டவணை, வயரிங் தாள் ஆகியவை எழுத்துமூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். பாஸ்வேர்டுகள் வேறு எந்த இடத்திலும் பயன்படுத்தப்படாதவையாக இருக்க வேண்டும்.' ஒப்படைக்கும்போது டெக்னீஷியனை உங்கள் எதிரிலேயே அந்தப் பாஸ்வேர்டு போட்டு நுழையச் சொல்லுங்கள். உங்கள் ஆள் ஒருவர் எக்ஸ்டென்ஷன் பெயரை மாற்றிப் பழகட்டும். அதற்கென்று டீலர் தனித் தொகை கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பெட்டி மாட்டியவர்கள், அடுத்த ஏஎம்சி காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதையே கேட்கலாம்.